மிதிக்காத சைக்கிள்

மில் முதலாளி வேதமாணிக்கத்துக்குத் தொப்பை குறைய வேண்டும். ஆனால் உடம்பு நோகக் கூடாது. தன் கட்டடத்தில் வாடகைக்கு இருந்த சைக்கிள் கடைக்குக் காரில் போய் இறங்கினார். கடைக்காரி செவ்வந்தி பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, மிதிக்காமலே தொப்பையைக் குறைக்கிற சைக்கிள் வேணும். ஒரு மாசம் டைம் தர்றேன். இல்லேன்னா கடையைக் காலி பண்ணு!”

“இருக்குங்கய்யா. ஆனா உங்க உடம்புக்கு எது பொருந்தும்னு ஓட்டிப் பாத்துத்தான் எடுக்கணும். இதுல நாலு தெரு சுத்திட்டு வாங்க.”

சுற்றிவிட்டு வந்தவர், சீட்டு குத்துகிறது என்றார். மறுநாள் வேறு சைக்கிள். ஹேண்டில் குனிய வைக்கிறதாம். அதற்கடுத்த நாள் கியர் வண்டி. கியர் மாற்றுவதற்குள் தெருவே முடிந்துவிடுகிறதாம். குறை சொல்வதில் மனிதருக்குச் சலிப்பே கிடையாது. தினமும் விடிந்ததும் வந்துவிடுவார்.

மாசக் கடைசியில் கடை நடுவே நின்று கத்தினார்: “ஒண்ணுகூட உருப்படியில்லை! கடைச் சாவியைக் குடு!”

கத்திய வேகத்தில் பேன்ட் இடுப்பைவிட்டு நழுவியது. இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

செவ்வந்தி சாவியை நீட்டினாள். வாங்கத்தான் அவருக்குக் கை ஒழியவில்லை.

“தொப்பை எங்கங்கய்யா போச்சு?” என்றாள். “நீங்க சைக்கிள் பாக்கத்தானே வந்தீங்க, மிதிக்கவா செஞ்சீங்க?”