நாற்பத்தொன்பதாம் நாள்

“காப்பை அவிழ்த்துவிடுங்கம்மா” என்றார் ஆவுடையப்பன்.

கும்பிடக்கூட இல்லை. செருப்பைக் கழற்றிய கையோடு வலது மணிக்கட்டை நீட்டிவிட்டார். அதில் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. மஞ்சள் என்று இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள்.

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

தென்காசிக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், அறுபது படி ஏறினால் வருகிற சின்ன மடம் அது. மடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மைக்கு ஐம்பது வயதிருக்கும். ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு. இருந்தாலும் பதினைந்து வருஷமாக, எந்த விரதத்தைத் தொடங்கினாலும் முடித்தாலும் அவர் இங்கேதான் வருவார்.

“மூச்சு வாங்குது. உட்காருங்க அண்ணாச்சி.”

“படியினால இல்லை.”

“உட்காருங்க.”

உட்கார்ந்தார்.

“இன்னைக்கு நாப்பத்தெட்டு. ஒரு வேளைகூடத் தவறலை. அவிழ்த்துட்டீங்கன்னா நான் போயிருவேன்.”

“எங்க?”

“வீட்டுக்குத்தான். நாளைக்கு விரதம் முடிக்கணும்ல.”

அம்மை ஒரு கொத்துக் கீரையை அவர் பக்கம் தள்ளினார். நீட்டிய கை சும்மாதானே இருக்கிறது என்று அவரும் உருவத் தொடங்கினார்.

ஐம்பது நாளைக்கும் முன்னால் ஆஸ்பத்திரியில் அவருக்கு நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாவது ரத்தக் குழாயும் பாதி அடைத்திருந்தது.

“இதைச் சாப்பாட்டிலேயே பிடிச்சு நிறுத்தப் பார்ப்போம்” என்றார் டாக்டரம்மா. “நிக்கலைன்னா நெஞ்சைத் திறக்கணும். உங்க உடம்பு அதைத் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன். இனிமே செடி கொடியிலேருந்து வர்றது மட்டும்தான்.”

“நான் பிறந்ததிலேருந்தே சைவம்” என்றார் ஆவுடையப்பன், கொஞ்சம் பெருமையாகவே.

“நெய் எந்தச் செடியில காய்க்குது?”

அவர் கூரையைப் பார்த்தார்.

“எள்ளு தின்னுங்க, எண்ணெய் வேண்டாம். கரும்பு கடிங்க, சீனி வேண்டாம். தவிடு போகாத அரிசி, பயறு, கீரை, காய், பழம். முழுசா இருக்கிறதெல்லாம் உங்களுக்குத்தான்.”

ஆவுடையப்பனுக்குச் சொந்தமாக எண்ணெய்ச் செக்கு இருந்தது. மூன்று தலைமுறையாக எள்ளைப் பிழிந்து, எண்ணெயை மனிதருக்கும் பிண்ணாக்கை மாட்டுக்கும் கொடுத்து வந்த குடும்பம்.

“அப்போ என்னை மாட்டுப் பக்கம் சேத்துட்டீங்க” என்றார்.

டாக்டரம்மா சிரித்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி உலகம்மாள் சிரிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நேரே மடத்துக்கு வந்து காப்புக் கட்டச் சொன்னார். விரதம் என்று வந்துவிட்டால் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

“எத்தனை நாளைக்கு அண்ணாச்சி?” என்று அன்றைக்கு அம்மை கேட்டார்.

“ஒரு மண்டலம்.”

அம்மை வேறொன்றும் கேட்காமல் கட்டிவிட்டார்.

இப்போது கீரை முறத்தில் குவிந்துகொண்டிருந்தது.

“நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டார் அம்மை.

“எண்ணெய் தொடலை. நெய் தொடலை. பால், மோர் தொடலை. சீனி, மைதா, அப்பளம் எதுவும் தொடலை.”

“தொட்டது?”

“ம்?”

“தொடாததைச் சொன்னீங்க. தொட்டது என்ன?”

ஆவுடையப்பன் யோசித்தார்.

“அவரைக்காய்.” பிறகு, “இல்லை, அது முந்தாநாள்” என்றார். பிறகு, “சுரைக்காயா இருக்கும்” என்றார். கடைசியில், “உலகம்மாகிட்டத்தான் கேக்கணும்” என்றார்.

அம்மை தலையாட்டினார். அவருக்கு அது போதவில்லை என்று ஆவுடையப்பனுக்குத் தெரிந்தது.

“சலிச்சுப் போச்சும்மா” என்றார். “பொய் சொல்ல மாட்டேன். காலையில கண் முழிச்சா, இன்னைக்கும் அதேதானான்னு இருக்கு. செக்குல எண்ணெய் இறங்குற வாசத்துக்குக் கண்ணுல தண்ணி வருது. அறுபத்திரண்டு வயசு ஆம்பளை, எள்ளெண்ணெய்க்கு அழுதான்னு வெளியில சொல்ல முடியுமா?”

“என்கிட்ட சொல்லலாம்.”

“அதான் சொல்லுதேன்.”

“எனக்கும் சலிப்புத்தான்” என்றார் அம்மை.

“உங்களுக்கு என்னத்துல?”

“நாலு மணிக்கு எழுந்திரிக்கிறதுல. இருபத்திரண்டு வருஷமாச்சு. ஒரு நாள்கூடப் பிடிக்கலை.”

ஆவுடையப்பனின் கை நின்றுவிட்டது. “பிடிக்காமலா எழுந்திரிக்கீங்க?”

“பிடிச்சாத்தான் எழுந்திரிக்கணும்னா, நம்ம ஊர்ல எந்த வீட்டு வாசல் பெருக்கியிருக்கும்?”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியில் களைத்துப் போனது.

அம்மை அடுத்த கொத்தை எடுத்து உருவினார்.

“சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பீங்களே, அது எப்படி முடியுது?”

“அது லேசும்மா. வெறும் தண்ணிதான். நாலாம் நாள் கண்ணைக் கட்டும். அஞ்சாம் நாள் பழகிரும். ஆறாம் நாள்...”

நிறுத்தினார்.

“ஆறாம் நாள்?”

“ஆறாம் நாள் சாயங்காலமே ஏழாம் நாள் சாம்பார் மணக்கும்.”

சொன்ன பிறகு, சொன்னதைத் தானே கேட்டவர்போல இருந்தார்.

“அந்த ஏழாம் நாளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஆறு நாளும் தொங்குதேன்” என்றார் மெதுவாக.

அம்மை பழுத்த இலைகளைப் பொறுக்கித் தனியே போட்டார்.

“இதுக்கு ஏழாம் நாளே கிடையாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார் ஆவுடையப்பன். “ நான் கேட்டேன்னு கட்டிவிட்டுட்டீங்க.”

“நாப்பத்தெட்டு நாளுக்கு மேல அன்னைக்கு உங்களால பாக்க முடியலை. இருட்டுல நடக்கிறவங்களுக்கு அடுத்த அடி தெரிஞ்சா போதும்னு விட்டுட்டேன்.”

“இப்போ மட்டும் பாக்க முடியுதாக்கும்.”

“எனக்குத் தெரியாது அண்ணாச்சி. உங்க கண்ணு.”

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். மடியில் கிடந்த இலைகளைத் தட்டிவிட்டார்.

“ஒரு நாளாவது வேண்டாமா? ஒரே ஒரு நாள். ரெண்டு உளுந்த வடை, கொஞ்சம் நெய்ச்சோறு. அதுக்கப்புறம் இன்னொரு மண்டலம்கூட இருந்துட்டுப் போறேன்.”

“உலகம்மா என்ன சொல்லுதாங்க?”

“அவ ஒண்ணும் சொல்லலை. நேத்து ராத்திரி, நாளைக்கு உளுந்து ஊறப் போடுன்னு சொன்னேன். இன்னைக்குக் காலையில படியில உளுந்தை அளந்து கையில வச்சுக்கிட்டு அடுப்படியில நின்னா. நான் குளிச்சு, துணி மாத்தி, வெளியில வர்ற வரைக்கும் அப்படியே நின்னா.”

“ஊறப் போட்டாங்களா?”

“பாக்காம வந்துட்டேன்.”

அம்மை முறத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கையைக் கொடுங்க.”

ஆவுடையப்பன் நீட்டினார். இன்னும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். அம்மை குனிந்து முடிச்சைத் தேடினார்.

நாற்பத்தெட்டு நாள் தண்ணீர் பட்டுப் பட்டு முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அம்மை நகத்தால் நெம்பினார். நெகிழவில்லை. ஒரு முள்ளை எடுத்துக் குத்தி, நூல் நூலாகப் பிரித்தார். நேரம் ஆயிற்று. அறுத்துவிடலாமே என்று சொல்ல வாயெடுத்த ஆவுடையப்பன், பிரிகிற நூல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிறு வந்துவிட்டது.

அது இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையம் தெரிந்தது. இந்த நாட்களில் கை நன்றாக மெலிந்திருந்தது. அந்த வெளுத்த வளையத்துக்குள், கட்டைவிரலுக்குக் கீழே, நாடி லேசாகத் தூக்கித் தூக்கி அமர்ந்தது.

ஆவுடையப்பன் அதைப் பார்த்தார்.

அது நின்று பார்க்கவில்லை. இன்றைக்கு நாற்பத்தெட்டு என்று அதற்குத் தெரிந்ததாகவும் தோன்றவில்லை.

அம்மை கயிற்றைச் செம்பருத்திச் செடியின் தூரில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, மறுபடி முறத்தை இழுத்துக்கொண்டார்.

“அவிழ்த்தாச்சு. நீங்க போகலாம்.”

அவர் போகவில்லை. கையை மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, ரொம்பவும் களைத்த குரலில் கேட்டார்.

“அப்போ நாளைக்கு எத்தனையாம் நாள்னு நான் கணக்கு வச்சுக்கட்டும்மா?”

“நாளைக்குப் புதன்கிழமை அண்ணாச்சி” என்றார் அம்மை.