வடிவு வாசித்த இளவரசி

இந்தக் கதையைக் கேட்பவர் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். அது நம்மால் ஆகாது என்பவர் இப்போதே எழுந்து போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகம். அங்கே தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை ரெஜினாவுக்கு. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்யும் வடிவு அவளுக்கு எட்டு வருடத் தோழி. மதியச் சாப்பாடு முடிந்ததும் வடிவு அரைமணி நேரம் நாவல் வாசிப்பாள், ரெஜினா கேட்பாள்.

அந்த வருடம் ஊரெல்லாம் ஒரே நாவலைப் பற்றித்தான் பேச்சு. மேகங்களுக்கு மேல் ஒரு கோட்டை, மழையை வரவழைக்கும் இளவரசி முகில்நங்கை, யாளியின் மேல் ஏறிப் பறக்கும் வீரன், இருவருக்கும் காதல். மொத்தம் அறுநூறு பக்கம். ரெஜினாவின் பிறந்தநாளுக்கு அதை வடிவு வாங்கிவந்தாள்.

"ஒரு வரி விடாம வாசிக்கணும், கேட்டியா?" என்றாள் ரெஜினா. "எல்லாரும் வாசிச்சதை நானும் வாசிக்கணும்."

இரண்டு அத்தியாயம் ஜோராகப் போயிற்று. மூன்றாவதில், சீப்பு முடியில் சிக்கிவிட்டதென்று இளவரசி தன் தோழிப்பெண் தாழையைக் கன்னத்தில் அறைகிறாள். அந்தக் கோபத்தின் அழகை ஜன்னல் வழியே பார்த்து வீரன் சொக்கிப்போகிறான். வடிவு வாசிப்பதை நிறுத்தினாள். ஆசை ஆசையாய் வாங்கியது இந்தக் கண்றாவிக்கா? நிமிர்ந்து பார்த்தாள். ரெஜினா முகமெல்லாம் சிரிப்பாக, அடுத்த வரிக்குக் காத்திருந்தாள். கன்னத்தில் அறைந்ததை வாசிக்காமல் வடிவு அப்படியே விழுங்கிவிட்டாள்.

"ஏன்ட்டி நிறுத்துன?"

"தொண்டை கட்டிக்கிட்டு" என்றாள் வடிவு.

பொய்யில் முதல் அடிதானே கஷ்டம். அப்புறம் அது பாட்டுக்கு நடக்கும். இளவரசி படகோட்டியைக் கேலி செய்த இடத்தில், அவன் பிள்ளைகளை அவள் அன்பாக விசாரித்ததாக வடிவு வாசித்தாள். பதினைந்தாம் அத்தியாயத்தில்தான் பெரிய சிக்கல் வந்தது. தன் மேல் விழ வேண்டிய சாபத்துக்குள் தாழையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, இளவரசி காதலனோடு யாளியில் ஏறிப் பறந்துபோகிறாள். தாழை கல்லாகிவிடுகிறாள். கதை முழுக்க அதன்மேல் நிற்பதால் ஒரேயடியாக விடவும் முடியாது. இரண்டு நாள் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யோசித்து, தாழை தானாகவே முன்வந்ததாகவும் இளவரசி அவள் காலைக் கட்டிக்கொண்டு கதறியதாகவும் மாற்றினாள் வடிவு. ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வடிவுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை, இல்லை என்று சொல்வானேன்.

நாவல் முடிந்த வாரமே, ஊர் நூலகத்தில் அதற்கு ஒரு கூட்டம் ஏற்பாடாயிற்று. எழுதிய அமிழ்தினியே வந்திருந்தார். வடிவை ஆச்சரியப்படுத்த வேண்டுமென்று, அவளிடம் சொல்லாமலே பேசுகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்திருந்தாள் ரெஜினா. மேடையேறி, இளவரசியின் இளகிய மனத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினாள். காலைக் கட்டிக்கொண்டு அழுத இடம் வந்தபோது பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு முன்வரிசைவரை வந்தது. ரெஜினா பேச்சை நிறுத்திவிட்டு, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நின்றாள். எழுந்துபோய் உண்மையைச் சொல்லவேண்டியவள் வடிவு. அவளோ தலையைக் குனிந்துகொண்டாள்.

நூலகர் சுடலைமுத்து எழுந்தார். "அம்மா, நீங்க சொல்லுத மாதிரி புத்தகத்தில இல்ல. இளவரசிதான் அவளைத் தள்ளிவிடுதா. வாசிக்கேன், கேளுங்க" என்று அந்தப் பக்கத்தை நிதானமாக வாசித்தார். சிரிப்பு நின்றது. ரெஜினாவின் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

உடனே அமிழ்தினி எழுந்தார். "இவங்க சொன்னதுதான் சரி. என் மனசுல இருந்த முகில்நங்கை அப்படித்தான். அச்சுல மாறிப்போச்சு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். ஓர் எழுத்து அச்சில் மாறலாம். ஓர் அத்தியாயமே மாறுமா என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் வடிவு எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். ரெஜினா தன் வீட்டு வாசலில், பிடிக்க வந்த கையைத் தள்ளிவிட்டு இறங்கிப் போனாள். எட்டு வருடச் சிநேகிதம் அத்தோடு முறிந்தது என்றே வடிவு நினைத்தாள்.

இப்போது சொல்லுங்கள். தோழியின் மனம் வாடக்கூடாதென்று கதையை மாற்றினாள் வடிவு. சபை நடுவே உள்ளதை உள்ளபடி வாசித்தார் நூலகர். அவமானத்தைத் துடைக்கப் பொய் சொன்னார் எழுத்தாளர். மூவரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். இதில் யார் செய்தது சரி?

விடை: நூலகர் செய்ததுதான். ரெஜினா நல்ல இளவரசியைக் கேட்கவில்லை, ஊரார் வாசித்ததைக் கேட்டாள். வாசித்துவிட்டு ஏமாந்துபோவதும் அதில் சேர்ந்ததுதான். அவளாலும் ஏமாற்றத்தைத் தாங்க முடியும் என்று மூவரில் நினைத்தவர் அவர் ஒருவரே. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சிரித்தது சபையில் அல்லவா? அந்த இடத்தில் காரணம் தெரியாமல் நின்றவள் அவள் மட்டும்தான். ஆனாலும் திங்கட்கிழமை மதியம் ரெஜினா வாசிக்கக் கூப்பிட்டது வடிவைத்தான். "மூணாம் அத்தியாயத்திலேருந்து வாசி. உள்ளதை வாசி" என்றாள். வடிவு வாசித்தாள். கன்னத்தில் அறைந்த இடத்தில் ரெஜினா கையை நீட்டி நிறுத்தினாள். "இந்த மூதேவிக்கா நான் மேடையேறிப் பரிஞ்சு பேசுனேன்?" சாப்பாட்டு நேரம் முடிகிறவரை இருவரும் அந்த இளவரசியைத் திட்டித் தீர்த்தார்கள். போகப் போக இவள் இன்னும் மோசம் என்று வடிவு சொல்ல வாயெடுத்தாள். "சொல்லிராத" என்றாள் ரெஜினா. "நானே கேட்டுத் திட்டிக்கிடுதேன்."