ராஜவீதியில் ஆறிப்போன பொங்கல்

வெகு காலத்துக்கு முன்னால், பொன்வாயில் என்ற நகரத்தைத் தலைநகராக வைத்துக்கொண்டு கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் யாராவது வாய் இனிக்கப் புகழ்ந்துவிட்டால் போதும், "இவருக்கு ஒரு ரதம்!" என்று சொல்லிவிடுவார். புகழ்வதற்கு ஆளுக்கா பஞ்சம்? ஊரில் ரதங்கள் பெருகின. ரதத்துக்கு ஒரு ஆள், அந்த ஒரு ஆளை இழுக்க நான்கு குதிரை. தெருவெல்லாம் குதிரை லத்தி, வானமெல்லாம் புழுதி. பிள்ளைகள் இருமிக்கொண்டே தூங்கின, இருமிக்கொண்டே எழுந்தன.

ராஜாவுக்கு மட்டும் இது தெரியாது. அவர் புறப்படுகிறார் என்றால் தடிக்காரர்கள் முன்னால் ஓடிக் கூட்டத்தை விரட்டுவார்கள். பின்னாலேயே ஆட்கள் தண்ணீர் தெளிப்பார்கள். "நம் ஊர் வீதி எவ்வளவு குளிர்ச்சி!" என்பார் அவர்.

போதாக்குறைக்கு, அவருடைய தாத்தா காலத்து விதி ஒன்று இருந்தது. எதிலும் மூத்த பதவிக்காரருக்கே முதலிடம். இரண்டு ரதங்கள் எதிரெதிரே வந்துவிட்டால் இளையவர் ஒதுங்க வேண்டும். யார் இளையவர் என்று முடிவாகும்வரை வீதியே நிற்கும்.

ஒருநாள் களஞ்சியத் தலைவர் மருதப்பர் சபையில் எழுந்தார். "அரசே, ரதங்கள் போக இடம் போதவில்லை. நெசவாளர் தெருவை இடித்தால் இன்னொரு ராஜவீதி போட்டுவிடலாம்."

இளைய அமைச்சர் உமையாளுக்குச் சுருக்கென்றது. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. இடித்துவிட்டால் அத்தனை குடும்பமும் எங்கே போகும்? அவள் சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளிடம் வாதம் செய்து தோற்காதவர் அங்கே யாரும் இல்லை. அதிகம் தோற்றவர் மருதப்பர். அந்த எரிச்சல் அவருக்கு அடங்கவே இல்லை.

"போன வருஷம்தானே ராஜவீதியை அகலமாக்கினீர்கள்?" என்றாள் உமையாள். "அதற்கப்புறம் நெரிசல் குறைந்ததா, கூடியதா? இடம் இருக்கிறதே என்று இன்னும் நாலு ரதம்தானே வந்தது?"

"அம்மணிக்கு இன்னும் ரதம் கிடைக்கவில்லை அல்லவா, அந்த வயிற்றெரிச்சல் அரசே!" என்றார் மருதப்பர். சபை சிரித்தது.

"இருக்கட்டும் ஐயா. ஒரு பந்தயம் வைப்போமா? மேற்கு வாசல் கோயில் மடைப்பள்ளியின் மிளகுப் பொங்கல் என்றால் அரசருக்கு உயிர். நாளைக் காலை நீங்கள் ஒரு பானையோடு ராஜவீதி வழியாக ரதத்தில் வாருங்கள். நான் ஒரு பானையோடு நெசவாளர் தெரு வழியாக நடந்து வருகிறேன். வழி விலக்க முரசும் கூடாது, தடிக்காரர்களும் கூடாது. உங்கள் பொங்கல் முந்தினால் தெருவை இடியுங்கள். நானும் பதவியை விட்டுப் போகிறேன்."

ராஜாவுக்கு நாக்கில் நீர் ஊறியது. "சபாஷ்! அதுவரை நான் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன்."

மறுநாள் மருதப்பர் தன் வெற்றியை ஊரே பார்க்கட்டும் என்று சிநேகிதர்களையெல்லாம் அழைத்திருந்தார். அவரவர் ரதத்தில் அவரவர் வந்தார்கள். உமையாள் சும்மாடு வைத்துப் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். தெருவின் குறுக்கே பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்த நெசவாளர்கள் அதைத் தூக்கிப் பிடித்து, "குனிஞ்சு போ தாயி, தலை பத்திரம்!" என்று வழி விட்டார்கள். அவள் அரண்மனைக்கு வந்து இறக்கியபோது பானையில் ஆவி பறந்தது.

ராஜா இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். "போடம்மா, போடு!"

"போடலாம் அரசே. ஆனால் மூத்தவர் கொண்டுவருவதைத்தானே தாங்கள் முதலில் சுவைக்க வேண்டும்? தாத்தா வகுத்த விதியாயிற்றே."

நீட்டிய கையை ராஜா மடக்கிக்கொண்டார். காத்திருந்தார். நெய் வாசனை மூக்கைத் துளைத்தது. ஆவி மெலிந்தது. மிளகு ஒன்று மேலே எட்டிப் பார்த்து அவரைக் கேலி செய்வதுபோல் இருந்தது.

"எங்கேய்யா மருதப்பர்?"

சேவகன் ஓடிவந்தான். "மகாராஜா, ராஜவீதி நாற்சந்தியில் அவரும் யானைக் கொட்டாரத் தலைவர் சிங்கப்பெருமாளும் எதிரெதிரே நிற்கிறார்கள். யார் மூத்தவர் என்று பேச்சு நடக்கிறது. பின்னால் வண்டிகள் மேற்கு வாசல்வரை நிற்கின்றன."

ராஜாவின் வயிறு உறுமியது. "பொங்கலுக்கு என்னம்மா மூத்தது இளையது! முதலில் வந்ததை முதலில் போடு!"

உமையாள் நிதானமாகப் பரிமாறினாள். "இதே வார்த்தையை வீதிக்கும் சொல்லிவிடுங்கள், அரசே."

கவளம் வாய்க்கும் இலைக்கும் நடுவில் நின்றது. பிறகு ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

கை கழுவியதும், "வா, போய்ப் பார்ப்போம்" என்று எழுந்தார். தடிக்காரர்கள் ஓடிவந்தார்கள், வேண்டாம் என்று நிறுத்தினார். நாற்சந்திக்குப் போவதற்குள் புழுதி தொண்டையை அடைத்தது. லத்தியில் செருப்பு வழுக்கியது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கே மடியில் பானையோடு, தலைப்பாகை செம்மண் நிறமாகி, மருதப்பர் உட்கார்ந்திருந்தார்.

"இறங்கி நடந்திருக்கலாமே, ஐயா?" என்றார் ராஜா.

"நடப்பதா அரசே? என் பதவி என்ன ஆவது? சிங்கப்பெருமாள் ஒரு அடி பின்னால் போனால்..."

"இன்னொரு ராஜவீதிதானே கேட்டீர்? இவ்வளவு அகலமான வீதியிலேயே நிற்கிறீரே!"

பிறகு ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். நெசவாளர் தெருவில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடக்கூடாது. கொடுத்த ரதங்கள் திரும்ப வர வேண்டும். இனி ஊருக்கெல்லாம் பெரிய மாட்டு வண்டிகள். பிரபுவானாலும் அதில்தான் ஏற வேண்டும். முதலில் ஏறியவருக்கு முதல் இடம்.

"இவ்வளவு சாமர்த்தியசாலிக்குப் பரிசு வேண்டாமா? உமையாளுக்கு ஒரு ரத..." என்று ஆரம்பித்துவிட்டு ராஜா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஐயோ, பொங்கலே போதும் அரசே!" என்றாள் அவள்.

அடுத்த நாள் சபைக்குப் போகும் வண்டியில் மருதப்பர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மோர்க்காரி ஒருத்தி பானையோடு ஏறினாள். "கொஞ்சம் தள்ளி உட்காருங்க சாமி."

மருதப்பர் அவளைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த உமையாளைப் பார்த்தார். பிறகு மெல்லக் காலை மடக்கிக்கொண்டு நகர்ந்தார். வண்டி ஒரு இடத்திலும் நிற்காமல் அரண்மனை போய்ச் சேர்ந்தது.