ஆறு தலைகளில் எது திருடன்?

மானிடவியல் துறை அருங்காட்சியகத்தில் தூசி தட்டுகிறவன் ஒச்சு. அங்கே கண்ணாடி அலமாரியில் ஆறு மண்டையோடுகள் இருந்தன. அதில் ஒன்று ஜெயிலில் செத்துப்போன அவன் அப்பாவுடையது. வெள்ளைக்காரன் காலத்தில், வாய்க்கரிசிகூடப் போடவிடாமல் ஆராய்ச்சிக்கென்று தூக்கி வந்துவிட்டார்கள்.

"அப்பாவைக் கொடுங்கய்யா, புதைக்கணும்" என்று போய் நின்றான்.

பேராசிரியர் ஜம்புநாதன் மாணவர்களைப் பார்த்துச் சிரித்தார். "எது உன் அப்பன்னு காட்டு, கொண்டுபோ."

"நான் படிக்காதவன். மண்டையை அளந்தே பிறவித் திருடனைக் கண்டுபிடிக்கலாம்னு புத்தகம் எழுதினவர் நீங்க. அப்பாவையும் திருடன்னு சொல்லித்தான் உள்ளே போட்டாங்க. நீங்களே காட்டுங்கய்யா."

பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்தது. ஆறையும் அளந்து பார்த்து, நாலாவதைத் தூக்கினார். "குறுகின நெத்தி, முரட்டுத் தாடை. சந்தேகமே இல்லை, இதுதான் திருடன்."

"அடியிலே ஏதோ எழுதியிருக்கு, படிங்கய்யா."

திருப்பினார். அருங்காட்சியகத்தைத் தொடங்கி, செத்த பிறகு தன் தலையையும் அதற்கே எழுதிவைத்த ஹார்ட்லி துரையின் பெயர் இருந்தது. மற்ற ஐந்திலும் வெறும் எண்தான். மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"துரை உங்ககிட்டயே இருக்கட்டும். மத்த அஞ்சுல எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அஞ்சையும் கொடுத்துடுங்க."

பேராசிரியர் அலமாரிச் சாவியை நீட்டினார்.

சாயங்காலம் தூறலில் ஒச்சு ஐந்து குழி வெட்டினான். ஐந்து வாய்க்கும் அரிசி போட்டான். எந்தக் குழிமேல் விழுந்து அழுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.