கை எங்கே நிற்கிறது

“கழுத்தைத் திருப்பினதும் சடக்குன்னு சத்தம் வருது. வலியும் குறையுது. ஆனா பத்தாம் நாள் அதே ஆள் திரும்ப வந்து நிக்கான். நான் எதுல தப்பு பண்ணுகேன், டீச்சர்?”

கேட்டவர் கோலப்பன். இருபத்திரண்டு வருடமாக எலும்புமுறிவுக்குக் கட்டுப் போட்டு, சுளுக்கும் எடுக்கிறவர். முறையாகப் படிக்க வேண்டுமென்று மார்த்தாண்டத்துக்கு வந்திருந்தார், தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்த பிசியோதெரபிஸ்ட் பிரசில்லாவிடம்.

 பிரசில்லா, காத்திருந்த பெண்ணை உள்ளே கூப்பிட்டாள்.

லீமா. பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸ். இரண்டு வருடமாகக் கழுத்துவலி.

“இப்ப ஊசியும் தப்புது, டாக்டர். நேத்து ஒரு பிள்ளைய நாலு தடவை குத்திட்டேன். அது அழக்கூடத் தெம்பில்லாம கிடந்துது. வேற வார்டு கேட்டு எழுதிக் குடுத்துட்டேன்.”

அவளுடைய ஸ்கேனைப் பிரசில்லா முன்பே பார்த்திருந்தாள். பயப்பட ஒன்றுமில்லை.

லீமாவைச் சுவரோரம் உட்காரவைத்தாள்.

“கண்ணை மூடுங்க.”

அவள் கையைப் பிடித்து ஓர் உயரத்துக்குத் தூக்கினாள். அங்கே சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். கையை இறக்கினாள்.

“அதே இடத்துக்கு நீங்களே கொண்டு வாங்க.”

லீமா கையைத் தூக்கிவிட்டுக் கண் திறந்தாள். கோடு நாலு விரற்கடை மேலே இருந்தது.

“கையில கோளாறு ஒண்ணும் இல்லியே,” என்றார் கோலப்பன்.

“இல்ல.”

பிரசில்லா லீமாவின் கழுத்தை வெகுநேரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு சின்ன அசைவு. கோலப்பன் கண்ணுக்கே அது சரியாகப் படவில்லை. சத்தமும் வரவில்லை.

“எலும்பு இடத்துக்கு வந்துட்டா?”

“அது முன்னயும் இடத்துலதான் இருந்துது, அண்ணே.”

மறுபடி லீமா கண்ணை மூடினாள். கை எழுந்தது. கோட்டை உரசிக்கொண்டு நின்றது.

கோலப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“கழுத்தைத் தொட்டது கைக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கைக்குத் தெரியாது. மூளைக்குத் தெரிஞ்சுது. வலியில, கை எங்க நிக்குன்னு அதுக்குக் கணக்கு தப்பியிருந்துது.”

 கோலப்பன், தன்னிடம் வருகிற எல்லோரிடமும் சொல்வதை லீமாவிடமும் சொன்னார்.

“வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் அசையாம படு, மக்ளே.”

பிரசில்லா தட்டில் ஓர் ஊசியும், குழந்தையின் நரம்பு போல மெல்லிய ரப்பர் குழாயும் கொண்டுவந்து லீமா முன் வைத்தாள்.

“போடுங்க.”

“இப்பவா?”

“இப்பதான். கணக்கு சரியான இந்த நேரத்துலதான் மூளை புதுசா படிக்கும்.”

முதல் தடவை தப்பியது. இரண்டாவதும் தப்பியது. மூன்றாவதில் ஊசி நேராக இறங்கியது. லீமா நிமிரவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. ஏழு. எட்டு.

“இதைத் தினமும் செய்யணும்,” என்றாள் பிரசில்லா.

லீமா குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

“வார்டு மாத்துறத ஒரு வாரம் நிறுத்தி வைக்கச் சொல்லி எங்க ஹெட் சிஸ்டர்கிட்ட கேட்டுப் பாக்கேன்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கோலப்பன் உட்காரவே இல்லை.

“டீச்சர்,” என்றார். “ஆளு படிக்க உக்கார்ற நேரம் பாத்து, நான் பாயை விரிச்சுக் குடுத்திருக்கேன்.”