கொசுறு வேண்டாத தீவு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், கண்ணுகளா, கடலோரத்தில் முத்தழகிப்பட்டினம் என்று ஓர் ஊர். அங்கே தங்கபுஷ்பம் எள்ளுருண்டை பிடித்து விற்றாள். அப்படியொரு கைமணம் அவளுக்கு. யார் வாங்கினாலும் மேலே ஓர் உருண்டை கொசுறு வைத்து, "இது வீட்டுப் பிள்ளைக்கு" என்பாள்.

ஒருநாள் தூமகேது என்ற மந்திரவாதி ஒரு வாணலியோடு வந்தான்.

"பவழத்தீவிலும் கடை போடேன், தங்கபுஷ்பம்."

"அதுக்குக் கப்பல் ஏறணுமே, சாமி."

"ஏறவே வேண்டாம். இதில் நீ கிண்டினால் அங்கே ஒரு வாணலி நிறையும். உன் கொசுறும் தானாகப் போய் உட்காரும். ஆனால் மூன்று தரம் விற்காமல் திரும்பினால், உன் கைமணம் எனக்கு."

என் உருண்டையாவது, விற்காமல் போவதாவது என்று நினைத்து அவளும் சம்மதித்துவிட்டாள்.

கிண்டினாள். அத்தனையும் திரும்பி வந்தது. "விற்கலையே தங்கம், விற்கலையே" என்று வாணலி பாடியது.

ஏலக்காய் சேர்த்தாள். கொசுறை இரண்டாக்கினாள். மறுபடியும், "விற்கலையே தங்கம், விற்கலையே."

மூன்றாம் தரம் கரண்டியை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். 'தின்கிறவர்கள் முகத்தையே பார்க்காமல் கிண்டினேனே, முருகா' என்று விளக்கின் முன் கும்பிட்டாள். வாணலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கப்பல் ஏறினாள்.

"வியாபாரம் செய்யச் சொன்னால் கடல் பார்க்கக் கிளம்பிவிட்டாளாக்கும்" என்று சிரித்தான் தூமகேது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தீவுச் சந்தையில் நீலாயி என்பவள் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் உருண்டையை ஏன் யாருமே தொடலை?"

"ஓ, அது நீதானா? காசு கொடுத்து வாங்கறவங்களுக்கு மேலே ஒண்ணு போட்டியே, நாங்க என்ன பிச்சைக்கா வந்தோம்? அடுத்த தடவை ரெண்டு வச்சே. எங்க வீட்டுக்காரர் இன்னும் முறைச்சுக்கிட்டிருக்கார்."

"எங்க ஊரில் அது பிரியம், அக்கா."

"பிரியம்னா பக்கத்தில் உட்கார்ந்து நீயும் ஒண்ணு தின்னு. விற்கிறவள் தின்னாத பண்டத்தை இங்கே யாரும் வாயில் வைக்க மாட்டோம்."

தங்கபுஷ்பம் அங்கேயே அடுப்பு மூட்டி, மூன்றாம் தரமாகக் கிண்டினாள். கொசுறு வைக்கவில்லை. வந்த ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து ஓர் உருண்டை தின்றாள், பேசினாள், சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் வயிறு நிறைந்துவிட்டது. வாணலியோ பாதிகூடக் காலியாகவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் எல்லாவற்றையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு விழுந்திருப்பாள். இவள் கேட்டாள்: "அக்கா, இந்த ஊர் ஜனங்களை உங்களுக்குத்தான் தெரியும். கடையில் பாதி உங்களுடையது. கூட உட்காருவீர்களா?"

"உருண்டை உன்னுது, வயிறு என்னுதா? சரி, தள்ளி உட்காரு" என்றாள் நீலாயி.

பொழுது சாய்வதற்குள் கடைசி உருண்டையும் விற்றது. "விற்க..." என்று பாட ஆரம்பித்த வாணலி நடுவில் பிளந்தது. அந்த நொடியே, பந்தயத்தில் தோற்ற தூமகேதுவின் மந்திரப்பெட்டி தானாகத் திறந்தது. இவளுக்கு முன்னால் ஏமாந்தவர்களின் கைமணமெல்லாம் அதிலிருந்து பறந்து வீடு திரும்பியது. அன்று எத்தனையோ வீடுகளில் குழம்பு மறுபடி மணத்தது. தூமகேது கொதிக்க வைத்த வெந்நீர்கூடத் தீய்ந்து போனது.

முத்தழகிப்பட்டினத்தில் கொசுறும், பவழத்தீவில் கூட உட்கார்ந்து தின்பதுமாக இரண்டு கடையும் செழித்தன. அந்த அடுப்புகளைப் போலவே, கதை கேட்ட உங்கள் வீட்டு அடுப்பும் அணையாமல் எரியட்டும்.