நாற்பதுக்கு நாற்பது

கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று. ஜெனோவா டீச்சருக்கும் வில்பிரட்டுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், தடை சொல்ல அவளே வந்து நின்றாள்.

வந்தது சாமியாரிடம் அல்ல, திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுத்த சிஸ்டர் ரெஜினாளிடம். சிஸ்டருக்கு அவளைவிட மூன்று வயது குறைவு. கல்யாணமே ஆகாதவர் கல்யாணத்துக்குப் பாடம் எடுப்பதா என்று வகுப்பிலேயே ஜெனோவாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவளுக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? பரீட்சை ஹாலில் சட்டைக் கை மடிப்பைப் பார்த்தே பிட்டைப் பிடிக்கிறவள். அதோடு, முதலில் பேசிய மாப்பிள்ளை சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்து அந்தக் கல்யாணம் நின்றுபோயிருந்தது.

"வில்பிரட் காப்பி அடிச்சிருக்கார், சிஸ்டர்."

"எதை?"

"குணம் பொருந்துதான்னு பாக்க நாப்பது கேள்வி கொடுத்தீங்களே, அதை. தனித்தனியா எழுதச் சொன்னீங்க. நாப்பதும் ஒண்ணுபோல இருக்குன்னு வகுப்பே கைதட்டுச்சு. டீ குடிக்கப் போனப்போ என் பேப்பர் பெஞ்சுலதான் கிடந்தது. பொய்யில ஆரம்பிக்கிறவரை எப்படி நம்புறது? இன்னொரு தடவை ஏமாற என்னால முடியாது."

சிஸ்டர் அலமாரியிலிருந்து இருவரின் தாள்களையும் எடுத்தார். ஜெனோவாவின் தாளை மட்டும் பிரித்தார்.

"கோபம் வந்தா என்ன செய்வீங்க, டீச்சர்?"

"அதான் பாக்குறீங்களே!"

"இதுல 'மௌனமாக ஜெபிப்பேன்'னு எழுதியிருக்கீங்க."

சிஸ்டர் அடுத்த கேள்விக்கு விரலை நகர்த்தினார்.

"மாமியாரோட ஒரே வீட்ல இருப்பீங்களா?"

"தனி வீடு பாக்கச் சொல்லணும்னு இருக்கேன்."

"இதுல 'மனமுவந்து இருப்பேன்'. சரி, கல்யாணத்தை நினைச்சா பயம் உண்டா? 'இல்லை, ஆண்டவர் துணை'ன்னு எழுதியிருக்கீங்க."



"இருக்கு சிஸ்டர். ரொம்ப இருக்கு."

"அப்ப இதெல்லாம் யாரைப் பாத்து எழுதினீங்க?"

"நான் எதுக்கு யாரையும் பாக்கணும்? சின்ன வயசுல இருந்து கோயில்ல மறைக்கல்வி வகுப்புல இப்படித்தானே சொல்லிக்கொடுத்தாங்க! வேற மாதிரி எழுதினா நீங்க என்ன நினைப்பீங்க?"

சிஸ்டர் இரண்டாவது தாளை அதன்மேல் வைத்தார்.

"வில்பிரட்டும் மறைக்கல்வி படிச்சவர்தான்."

ஜெனோவா இரண்டு தாள்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, வகுப்பறையில் ஒருநாளும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அப்படின்னா அவர் எப்படிப்பட்டவர்னு எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"வெளியில பைக்ல காத்துக்கிட்டு இருக்காரே. என்கிட்ட சொன்னதை அவர்கிட்டயும் சொல்லுங்க."

"சொல்லி, அவர் வேற மாதிரி பதில் சொல்லிட்டார்னா?"

சிஸ்டர் இரண்டு தாள்களையும் சேர்த்துக் கிழித்தார்.

"கல்யாணத்துக்கு ரெண்டு பேர் வேணும், டீச்சர். என் வகுப்புக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரும் நிஜமா வரலை. இன்னிக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க. போய் அவரையும் கூட்டிட்டு வாங்க."